தாமே அமையும் செய்தி வலைகள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னர், சுமத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அங்கே எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் செய்தி வரவில்லை, அலைதான் வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரையிலும் மீனவர் குடும்பங்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. அலையைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால், அலையை முந்திக்கொண்டு செய்தி செல்ல இயலாதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு விஞ்ஞானத் துறையின் வரலாற்றைக் காண்போம்.

செல்பேசி கம்பியில்லாமல் இயங்குகிறது என்கிறோம். அது கம்பியில்லாமல் பேசுவது அருகிலுள்ள கோபுரம் வரையில்தான். மின்சாரம் நின்று கோபுரம் ஓய்ந்துவிட்டால், அடுத்தடுத்து நிற்கும் இருவர் கையிலுள்ள செல்பேசிகளும் ஒன்றோடொன்று பேச மாட்டா. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, இத்தகைய ஏற்பாட்டின் குறை நன்கு விளங்கியது.

இதற்கு மாற்று உண்டா? சிதம்பரத்தின் தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். தேரை நிறுத்த வேண்டுமென்று பின்னால் நிற்பவர் கூறுவது, வடத்தின் முன்னணியில் இருப்பவர் காதில் விழாது. ஆனால் ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் தமக்கு முன்னுள்ளவருக்குச் சொல்ல, செய்தி போய்ச் சேர்கிறது. நடுவில் ஒருவர் விலகினாலும், பக்கத்திலுள்ளவர் வழியாக அது தொடர்கிறது. இவ்வாறே ஒவ்வொரு கருவியும் பேசுவதோடு பிறர் செய்தியைச் சுமந்தும் செல்லுமாயின், கோபுரமின்றியே வலை ஒன்று அமைந்துவிடும். இதுவே தானே அமையும் கம்பியில்லா வலை.

இதற்கு வித்திட்ட சிந்தனை பழையது. தலைமை நிலையம் ஒன்றையே நம்பிய வலை ஓர் அடியில் அழியும் என்றும், பரவி நிற்கும் வலை பிழைக்கும் என்றும் அமெரிக்க அறிஞர் பால் பாரன் 1964-இல் விளக்கினார். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் தீவுகளிலிருந்த கணிப்பொறிகளை வானொலி அலைகளால் இணைத்தனர். செய்திகள் மோதிக்கொண்டால் ஒவ்வொரு நிலையமும் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பும். ஆயினும் அங்கே நடுநிலையம் ஒன்று இருந்தது. பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சியில், ஊர்ந்து செல்லும் வண்டியிலிருந்தே செய்தி அனுப்பும் வலை உருவாயிற்று. 1977-இல் அது வெற்றிகரமாகக் காட்டப்பெற்றது.

நகரும் கருவிகளுக்கிடையே வழியை எவ்வாறு கண்டுபிடிப்பது? இங்கு இரு வேறு முறைகள் எழுந்தன. பரங்கிப்பேட்டைக்குச் செல்லும் ஒருவர் வழிப்படத்தை எப்போதும் திருத்திக் கையில் வைத்திருக்கலாம். அல்லது தேவைப்படும்போது மட்டும் வழியில் இருப்பவரைக் கேட்கலாம். முதல் முறையைச் சார்லஸ் பெர்க்கின்சும் பிரவின் பகவத்தும் 1994-இல் வகுத்தனர். கேட்டு அறியும் முறை ஒன்றைப் பெர்க்கின்சும் எலிசபெத் ராயரும் 1999-இல் வெளியிட்டனர். ஆழிப்பேரலை வந்த அதே 2004-ஆம் ஆண்டில், இத்துறை பற்றிய விரிவான பாடநூல் ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சிவராம் மூர்த்தியும் பி. எஸ். மனோஜும் வெளியிட்டனர். அறிவு நம் மாநிலத்திலேயே இருந்தது. அது கடற்கரையை எட்டவில்லை.

ஆனால் கடலூருக்கு அருகே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் சிற்றூரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதியில் கிராம அறிவு மையங்களை நிறுவி, ஊர்களை வானொலிக் கருவிகளால் இணைத்து வந்தது. பேரலை வந்த காலையில் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதனை முழங்கினர். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் பிழைத்தனர். அங்கே தானே அமையும் வலைக் கருவி எதுவும் இல்லை. மனிதரே அவ்வலையின் கண்ணிகளாயினர்.

இத்துறையில் தீராத சிக்கல்கள் சில உண்டு. பிறர் செய்தியைச் சுமக்கும் கருவியின் மின்கலம் விரைவில் தீரும். கருவிகள் நெருக்கமாக இல்லாவிடில் சங்கிலி அறுபடும். தன் செய்தியை அனுப்பிக்கொண்டு பிறர் செய்தியைத் தள்ளிவிடும் தன்னலக் கருவியை எவ்வாறு கண்டறிவது என்பதும் ஆராய்ச்சிப் பொருளாகவே உள்ளது. கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர், படகுக்குப் படகு செய்தி கடத்தி நடுக்கடல் மீனவரைக் கரையோடு இணைக்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளனர்.

மாணவ நண்பர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. வலையின் வலிமை உயர்ந்த கோபுரத்தில் இல்லை. அயலான் செய்தியைத் தன் செய்தியாக எண்ணிக் கொண்டுசேர்க்கும் ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிறது. கடலூர்க் கரையில் அடுத்த எச்சரிக்கை உரிய நேரத்தில் ஒலிக்க வேண்டுமாயின், அத்தகைய கண்ணிகளை அமைக்கும் பொறியியலாரும் வேண்டும். அவற்றைப் பேணிக் காக்கும் ஊராரும் வேண்டும்.