பஞ்சாங்கமும் செப்பேடும்: கொச்சி சமஸ்தானம் கரைந்த வரலாறு – ஒரு மறுவாசிப்பு

கொச்சி சமஸ்தானம் கரைந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும், சமஸ்தான இணைப்பை நடத்திய அதிகாரி வி.பி. மேனனின் 1956ஆம் ஆண்டு நூலையே பின்பற்றுகின்றனர். அதில் திருவிதாங்கூர்–கொச்சி இணைப்பு (1.7.1949) தில்லியும் இரு அரண்மனைகளும் பேசி முடித்த காரியம். திருவிதாங்கூர் மன்னர் பதவிப் பிரமாணம் ஏற்கத் தயங்கினார். கொச்சியின் முதிய மன்னரோ வழக்கமாக வரும் இலவசப் பஞ்சாங்கம் நிற்காமல் வந்தால் போதும் என்றாராம். பின்வந்தோர் இதை அரச பெருந்தன்மைக்குச் சான்றாக எடுத்தாண்டே பழகிவிட்டனர்.

பெருந்தன்மையை நான் மறுக்கவில்லை. துறப்பதற்கு அவரிடம் என்ன மிஞ்சியிருந்தது என்பதே என் கேள்வி. 1925இல் சட்டமன்றம் வந்துவிட்டது. 1938இல் அம்பாட்டு சிவராம மேனன் அமைச்சரானதோடு இரட்டையாட்சியும் வந்தது; சமஸ்தானங்களில் அதுவே முதல் முயற்சி. 1947 ஏப்ரலில் முந்தைய மன்னர் கேரள வர்மா திருச்சூர் ஐக்கிய கேரள மாநாட்டுக்கே நேரில் வந்தார். வி.பி. மேனன் காட்டுவது கடைசிக் கையெழுத்தை மட்டும்.

கொச்சியின் யூதர் தெருவான மட்டாஞ்சேரி ஜூ டவுனிலிருந்து பார்த்தால் இன்னொரு வரலாறு தெரிகிறது. அங்குள்ள பரதேசி ஜெப ஆலயம் (1568) காத்துவரும் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மனின் வட்டெழுத்துச் செப்பேடு, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் (வணிகக் குழு) எழுபத்திரண்டு வீடுபேறுகளையும் (சிறப்புரிமைகள்) வழங்குகிறது: உல்கும் (சுங்கம்) துலாக்கூலியும் நீக்கம், பகல்விளக்கு, பல்லக்கு, குடை. காலக்குறிப்பு ‘இரண்டாமாண்டைக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு’ என்று வருகிறது. கூட்டினால் 38ஆம் ஆட்சியாண்டு. கி.பி. 1000 என்பது இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அது அரசன் பட்டமேறிய ஆண்டைப் பொறுத்தது என்பதால் முடிந்த முடிவாக நான் கொள்ளவில்லை. நான்காம் நூற்றாண்டு என்ற சமூக மரபுக்கு மட்டும் எழுத்தமைதி இடங்கொடாது.

ஆண்டு எதுவானாலும் செப்பேட்டின் தர்க்கம் ஒன்றே: உரிமை என்பது அரசன் தருவது, வழிவழியாகச் சிலருக்குச் சேர்வது. அந்தத் தர்க்கத்தை ஜூ டவுனுக்குள்ளேயே எதிர்த்தவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967). விடுதலையான அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்ட அவருடைய பிரிவினருக்கு அதே ஆலயத்தில் சம இருக்கை இல்லை. காந்திய வழியில் அங்கே சத்தியாகிரகம் செய்த அவர் 1925–31, 1939–45 ஆண்டுகளில் கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர். 1929இல் லாகூர் காங்கிரசுக்கும் சென்றவர்.

ஆலயச் சத்தியாகிரகமும் பொறுப்பாட்சிக் கோரிக்கையும் தனித்தனிப் போராட்டங்கள் எனலாம். இங்கே சான்று மெலிது; ஆயினும் நான் உடன்படேன். அருகே வைக்கத்தில் 1924–25இல் கோயிலைச் சூழ்ந்த தெருக்களுக்காக நடந்த சத்தியாகிரகத்தைத் தேசிய இயக்கத்தின் பகுதியாகக் கொள்கிறோம். ஆலயத்துக்குள் இருக்கை கேட்டதை மட்டும் உட்குழுப் பூசல் என்று எப்படி ஒதுக்குவது? மன்னரிடம் பொறுப்பாட்சியும் ஆலயத்தில் சம இருக்கையும் கேட்பது ஒரே குடிமை உரிமையைக் கேட்பதுதான்.

அப்படியானால் ஜூ டவுனில் பேரரசு முடிந்த நாள் எது? 1947 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மேலாண்மை அகன்றது. 1949இல் சமஸ்தானம் மறைந்தது. நடந்துபோகும் தொலைவிலுள்ள கோட்டைக் கொச்சியோ மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை ஆட்சியிலேயே நீடித்து, 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளத்தில் சேர்ந்தது. ஒரே நாளைச் சொல்ல நான் துணியேன். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டனர் என்பதையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

மேனனின் நூல் இணைப்பு ஆவணங்களுக்கு இன்றும் இன்றியமையாதது. குடிமக்கள் உருவான வரலாற்றுக்கு அது போதாது.