தாய்ச்சூடு அறியாத குஞ்சுகள்

தஞ்சைத் தரணியில் ‘வேலி’ என்றால் நில அளவை. 20 மா கொண்டது ஒரு வேலி. பிற ஊர்களில் வேலி என்பது தோட்டத்தைச் சுற்றி நிற்கும் முள்ளரண். ஆனால் நீலகிரி மாவட்டம் கூடலூரை அடுத்துள்ள ‘ஓவேலி’யில் வரும் வேலி இவ்விரண்டுமன்று. அது ஆங்கிலேயர் சொல்லின் தமிழ்த் திரிபு. பள்ளத்தாக்கு என்பதே அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியை அளந்த இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பப் பெயர் ஆக்டர்லோனி. அவர் சகோதரர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி இப்பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் கண்டார். ஆக்டர்லோனி வேலி என்னும் நெடும்பெயர் மக்கள் நாவில் தேய்ந்து ஓவேலி ஆயிற்று.

பெயர் வந்தது போலவே இங்குள்ள பலவும் வெளியிலிருந்து வந்தவையே. காப்பி வந்தது, சின்கோனா வந்தது, தேயிலை வந்தது. மலபாரிலிருந்தும் சமவெளித் தமிழ்நாட்டிலிருந்தும் உழைப்பாளர் வந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கூடலூர் வட்டாரத்தை நாடி வந்தன. காடே தாயகமான பணியர், குறும்பர் போன்றோர் மட்டுமே வந்தேறிகள் அல்லர். இத்தகைய மலைநாட்டில் வாத்தும் ஒரு விருந்தாளியே. வயலும் வாய்க்காலும் உள்ள சமவெளிக்குரிய பறவை அது. எனினும் வீட்டுக்குப் பின்னால் பத்துக் குஞ்சுகளை வளர்த்துப் பார்க்க விழையும் இல்லங்கள் மலையிலும் உண்டு. அவர்கள் பொருட்டேனும் இப்பறவையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது தகும்.

முதலில் பெயரைக் காண்போம். தமிழில் வாத்து, தெலுங்கிலும் கன்னடத்திலும் பாத்து, இந்தியில் பத்தக், அரபியில் பத். ஒலியின் ஒற்றுமை வியப்பூட்டுவது. மலையாளத்தில் தாராவு என்பர். தமிழிலும் தாரா என்னும் சொல் உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படும் கூடலூர்ப் பகுதியில் இரு பெயரும் செல்லுபடியாகும்.

வீட்டு வாத்துகளில் இருவேறு குலங்கள் உள்ளன. ஒன்று, ஆணுக்குப் பச்சை நிறத் தலையுடைய காட்டு வாத்தின் வழிவந்தது. ஆசியாவில், குறிப்பாகச் சீனத்தில், பன்னெடுங்காலத்துக்கு முன்பே இது மனிதனோடு இணங்கியது. மற்றொன்று, முகத்தில் செந்நிறச் சதை தடித்த மஸ்கோவி வாத்து. இது அமெரிக்கக் கண்டத்தின் பறவை; ஐரோப்பியக் கப்பல்கள் அங்குச் சென்ற பின்னரே உலகெங்கும் பரவியது. முன்னதன் முட்டை பொரிய 28 நாள். பின்னதற்கு 35 நாள். கோழி முட்டைக்கோ 21 நாளே போதும்.

நம் நாட்டில் வாத்து வளர்ப்பின் தலைவாசல் குட்டநாடும், தமிழகத்தின் நெல்வயல்களும் ஆகும். சாரை, செம்பள்ளி என்பன குட்டநாட்டின் புகழ்பெற்ற நாட்டினங்கள். அறுவடை முடிந்ததும் மேய்ப்பர்கள் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிச் செல்வர். சிந்திய நெல்லும் நத்தையும் புழுவும் பறவைக்கு இரை. பறவையின் எச்சம் வயலுக்கு எரு. வாத்துக்குத் தீனி வாங்கும் செலவும், வயலுக்கு எரு வாங்கும் செலவும் ஒருசேரக் குறைந்தன.

ஆனால் இம்மந்தைகளில் ஒரு விந்தை உண்டு. அத்தனை முட்டையிடும் வாத்துகளில் அமர்ந்து அடைகாப்பது அரிது. காட்டு வாத்து ஆண்டுக்கு ஒரு கூடு முட்டையிட்டு, அதன்மேல் அமர்ந்து, குஞ்சோடு நீரில் இறங்கும். மனிதனோ முட்டைக்காகவே வாத்தை வளர்த்தான். அடைகாக்க அமரும் வாத்து முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது; ஆகவே அமராத வாத்தையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் அடீல் காம்பெல் என்னும் பெண்மணி, கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து சென்ற ‘ரன்னர்’ வாத்தைப் பிற இனங்களோடு கலந்து ‘காக்கி காம்பெல்’ இனத்தை உருவாக்கினார். நல்ல பராமரிப்பில் இது ஆண்டுக்கு 300 முட்டை வரை இட வல்லது. அதற்கு ஈடாக அது இழந்தது தாய்மைப் பழக்கம்.

பறவை விட்டுவிட்ட பணியை வேறு யார் செய்வது? நம் ஊர்களில் அப்பணி அடைக்கோழியின் தலையில் விழுந்தது. தன் குஞ்சுக்கு மூன்று வாரம் அமரும் கோழி, பிறர் குஞ்சுக்காக நான்கு வாரம் அமர்கிறது. பின்னர் அக்குஞ்சுகள் குட்டையில் இறங்கி நீந்த, கரையில் நின்று கதறும் கோழியை நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் கண்டிருப்பர். சீனர்கள் சூடேற்றிய நெல்லுமியில் முட்டைகளைப் புதைத்துப் பொரிக்கக் கற்றனர். எகிப்தியர் கோழி முட்டைகளுக்கென அடுப்பறைகளையே கட்டினர். பக்தாதில் 1162இல் பிறந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீப், எகிப்தைப் பற்றிய தம் நூலில் இவ்வறைகளைக் கண்டு விரிவாக எழுதியுள்ளார். வெப்பமானி இல்லாத காலத்தில், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூட்டை அளந்தனர் அத்தொழிலாளர். இன்றைய பொரிப்பகங்களுக்கு அவர்களே முன்னோடிகள் எனலாம்.

பொரித்தால் மட்டும் போதுமா? குஞ்சுக்கு ஒரு தலைவி வேண்டும். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கிற்று. பொரித்த சில மணி நேரத்தில் தன்முன் அசைவதையும் அழைப்பதையும் தாயென மனத்தில் பதித்துக்கொண்டு, குஞ்சு அதன் பின்னே செல்லும். காட்டு வாத்தின் குஞ்சுகள் தம்மைத் தொடர வேண்டி, அவர் குனிந்து தவழ்ந்தவாறே வாத்தைப் போல ஓயாது குரல் கொடுத்தார். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாத்துக்குஞ்சுகள் வீட்டுப் பெண்களின் சேலைத் தலைப்பைத் தொடர்ந்து அடுக்களை வரை வருவதன் இரகசியம் இதுவே.

இவ்வரலாற்றை அறிந்தால், ஓவேலி போன்ற குளிர்ந்த பள்ளத்தாக்கில் குஞ்சுகள் ஏன் மடிகின்றன என்பது எளிதில் விளங்கும். நீர்ப்பறவைதானே என்று முதல் நாளே தொட்டியில் விடுவோர் உண்டு. தாயின் இறகோடு உரசி எண்ணெய்ப் பூச்சுப் பெறாத குஞ்சின் மென்தூவி நீரை உறிஞ்சும். நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துச் சாகும். ஆகவே அலகும் மூக்குத் துளையும் நனையும் ஆழமுடைய, ஆனால் உள்ளே ஏற இயலாத பாத்திரத்தில் நீர் வைக்க வேண்டும். முதல் வாரம் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. வாரந்தோறும் சுமார் 3 பாகை குறைத்து வரலாம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர் என்றும், விலகி வாய் திறந்து இளைத்தால் வெக்கை என்றும் பொருள்.

வெப்பத்துக்கு மின்விளக்கு எளிய வழி. ஆனால் கூடலூர் வட்டாரத்தில் அது எல்லார்க்கும் எளிதன்று. 1969ஆம் ஆண்டின் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவின்கீழ் வரும் நிலங்களின் உரிமை வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. பட்டா இல்லாமையால் மின்னிணைப்புக்கு நெடுங்காலம் காத்திருந்த வீடுகள் பல. பொரிப்பகத்தில் வாங்கிய ஒருநாள் குஞ்சு மின்விளக்கை நம்பி வருகிறது. விளக்கில்லாத வீட்டில் அதற்குக் கதியில்லை. அத்தகைய இல்லத்துக்கு இன்றும் ஏற்றது பழைய அடைக்கோழியே. எட்டுப் பத்து முட்டைகளை அதனடியில் வைத்து, கடைசி நாள்களில் வெதுவெதுப்பான நீரை இலேசாகத் தெளித்தால் ஓடு நெகிழும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின் இதனைத் தொடங்குவது நலம்.

தீனியிலும் ஒரு வரலாற்றுப் பாடம் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் படர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணம் எனக் கண்டனர். அந்த அஃப்ளடாக்சின் நஞ்சைச் சோதிக்க வாத்துக்குஞ்சையே பயன்படுத்தும் அளவுக்கு அதன் உடல் அந்நஞ்சுக்கு எளிதில் இரையாகும். மழையும் பனியும் ஓயாத மலையில் பூசணம் பிடித்த புண்ணாக்கையோ தவிட்டையோ குஞ்சுக்கு இடுவது நஞ்சிடுவதேயாகும். நியாசின் என்னும் உயிர்ச்சத்தும் கோழிக்குஞ்சைக் காட்டிலும் இதற்கு மிகுதியாக வேண்டும். குறைந்தால் கால்கள் வளையும். அவித்த மீன் துண்டும் சிறிது ஈஸ்டும் அக்குறையைப் போக்கும்.

2014இல் குட்டநாட்டைத் தாக்கிய பறவைக் காய்ச்சலில் வாத்துகள் பெருந்தொகையாக அழிக்கப்பட்டன. ஒரே கூட்டமாக எல்லாவற்றையும் வைத்திருந்தவர்க்கு ஒரே நாளில் எல்லாம் போயிற்று. சிறு வளர்ப்பாளர் இதிலிருந்து கற்க வேண்டியது, வெளியிலிருந்து வாங்கிய பறவையைச் சில வாரம் தனியே வைத்தல், கூட்டமாகச் சாவு நேர்ந்தால் மறைக்காது கால்நடை மருத்துவரிடம் தெரிவித்தல் என்பனவாம். இரவில் கீரியும் மரநாயும் சிறுத்தையும் வரும் ஊரில் உறுதியான கூண்டும் இன்றியமையாதது.

ஒரு சிறு கூட்டத்தின் முட்டை விற்ற காசு, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் பெருநாள் துணியும் அதில் அடங்கும். தாயின் பணியை மறந்த பறவையிடமிருந்து அம்முட்டையைப் பெறுகிறோம். ஆகவே அதன் குஞ்சுக்குச் சூடும், உலர்ந்த படுக்கையும், நஞ்சற்ற தீனியும் அளிப்பது நம் கடன். முதல் நான்கு வாரம் அக்கடனைச் செவ்வனே செலுத்துவோர்க்கே, ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து வைகறையில் கூண்டைத் திறக்கும்போது வைக்கோலில் முதல் முட்டை கிடைக்கும்.