விலங்கை அவிழ்த்தவர் யார்? பிசேத்ர் விடுதியும் மனநலச் செவிலியத்தின் தொடக்கமும்

மனநலச் செவிலியத்தின் வரலாற்றை எழுதுவோர் 1952-இல் வெளிவந்த ஹில்டகார்ட் பெப்லாவின் நூலிலிருந்து தொடங்குவார்கள். இன்னும் பின்னே போனால், மனநோயாளர் விடுதிப் பணியாளருக்காக 1885-இல் பிரிட்டனில் வந்த கையேட்டிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு முந்தியதெல்லாம் மருத்துவர்களின் கதையாகவே நிற்கிறது. அப்படி நிற்பதில் பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோவுக்கும் பங்குண்டு என்பது என் வாதம்.

1961-இல் வெளிவந்த பித்தின் வரலாற்று நூலில் அவர் எடுத்துக்கொள்ளும் காட்சி எல்லோரும் அறிந்தது. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான கூத்தோன், பாரிஸ் அருகே மனநோயாளரை அடைத்துவைத்திருந்த பிசேத்ர் விடுதிக்கு வருகிறார். மருத்துவர் பிலிப் பினெல் அவரிடம் இசைவு பெற்று நோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றுகிறார். ஃபூக்கோ இதை விடுதலையாகப் பார்க்கவில்லை. இரும்பு போன இடத்தில் கண்காணிப்பும் குற்றவுணர்வும் வந்தன, காவலாளி நோயாளியின் மனதுக்குள்ளேயே குடியேறினான் என்கிறார். கூர்மையான வாசிப்புதான். சங்கிலிக்குப் பதிலாகக் கைகளைப் பிணைக்கும் சட்டை வந்தது என்பதால் அவருடைய ஐயத்துக்கு ஆதாரமும் உண்டு. அந்தக் காட்சி புராணமாக்கப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியும். அது நடந்ததா என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதே அவர் கேள்வி.

சிக்கல் அங்கேதான். இந்தக் கதையைப் பரப்பியவர் பினெலின் மகன் சிபியோன். தந்தையின் புகழுக்காகக் கட்டிய மேடை அது. ஃபூக்கோ மேடையை இடிக்கிறார். ஆனால் அதில் யார் நிற்கிறார்கள் என்பதை மகன் சொன்னபடியே ஏற்றுக்கொள்கிறார். போற்றியவரும் மறுத்தவரும் மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், நோயாளிகளோடு இரவும் பகலும் கிடந்தவர் ஓரத்துக்குப் போய்விட்டார். 1973-இல் தொடங்கிய விரிவுரைகளில் கண்காணிப்பாளர், பணியாள் ஆகியோரைப் பற்றி ஃபூக்கோ பேசுகிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கும் அவர்கள் மருத்துவ அதிகாரத்தின் கைகளாகவே வருகிறார்கள்.

ஓரத்துக்குப் போனவர் ழான்-பாப்டிஸ்ட் புஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கண்டமாலை நோயோடு பிசேத்ருக்கு நோயாளியாக வந்தவர். குணமான பின் அங்கேயே வேலைக்கு அமர்ந்து, மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளரானார். 1793-இல் பினெல் அங்கு வந்து சேர்ந்தபோது புஸேன் ஏற்கெனவே அந்தப் பொறுப்பில் இருந்தார். அவரிடம் கற்றதை பினெல் தம் நூலில் ஒளிக்கவில்லை. புஸேனின் சொந்தக் குறிப்புகளோ பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 1979-இல் வரலாற்றாசிரியர் டோரா வைனர் அவற்றை வெளியிட்டார்.

அந்தக் குறிப்பில் புஸேன், சங்கிலிகளை நீக்கியது புரட்சி நாட்காட்டியின் ஆண்டு 5, பிரேரியால் மாதம் என்கிறார். நம் கணக்கில் 1797 மே-ஜூன். பினெலுடைய நூலின் 1809-ஆம் ஆண்டுப் பதிப்போ, 40 பேரின் விலங்குகளைப் புஸேன் அவிழ்த்ததாகச் சொல்லி, ஆண்டு 6, பிரேரியால் 4 என்று நாளையே தருகிறது. அது 1798 மே 23. ஒரு வருட வேறுபாடு. அதே பத்தியில் பினெல் இதை 'இரண்டாண்டு கழித்து' நடந்தது என்றும் எழுதுகிறார். அவர் பிசேத்ரை விட்டுப் பெண்களுக்கான சல்பெத்ரியேர் விடுதிக்குப் போனது 1795-இல். அங்கிருந்து எண்ணினால் 1797 வருகிறது. புஸேன் சொல்வதும் அதுவே. ஆகவே '6' என்பது அச்சுப்பிழை அல்லது நினைவுப்பிழை என்றே கொள்கிறேன். ஆனால் நாளைத் துல்லியமாகத் தருபவர் ஆண்டைத் தவறவிடுவாரா? 1802 முதல் புஸேன் சல்பெத்ரியேரில் அவருடனேயே பணியாற்றினார், கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். இந்தத் தடைக்கு என்னிடம் விடையில்லை. இரண்டில் எதைக் கொண்டாலும், 1794 ஜூலையிலேயே தலை வெட்டப்பட்ட கூத்தோன் இதில் வர முடியாது. விடுதியை விட்டுப் போய்விட்ட பினெலும் விலங்கை அவிழ்த்திருக்க முடியாது.

ஆண்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பினெல் பதிவுசெய்யும் ஒரு சிறு நிகழ்ச்சி. முரட்டு வலிமையுள்ள நோயாளி ஒருவர் உண்ண மறுக்கிறார். சாப்பாடு கொண்டுவந்த புஸேனின் மனைவி மார்கெரித்தை ஏசுகிறார். மார்கெரித் பதிலுக்குச் சினக்கவில்லை, ஆளைக் கூப்பிட்டுக் கட்டவும் இல்லை. நோயாளியின் முன் துள்ளி ஆடிக் கேலி பேசுகிறார். நோயாளி சிரித்துவிடுகிறார். அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு மார்கெரித் ஊட்டிவிடுகிறார். இதில் மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. இன்று உயர்நிலை மனநலச் செவிலியத்தில் பதற்றம் தணித்தல் என்று பாடமாக இருப்பது இதுதான் என்று சொல்லத் துணிகிறேன். ஆதாரம் மெலிது: ஒரே நிகழ்ச்சி, அதையும் சொல்பவர் மருத்துவர். ஆயினும் இதைக் குற்றவுணர்வை ஊட்டும் கண்காணிப்பு என்று வாசிக்க ஃபூக்கோவின் சட்டகத்தில் எங்கே இடமிருக்கிறது?

குணமடைந்தவர்களையே பணியாளராக எடுத்ததும், நோயாளிகளை அடிக்கக் கூடாதென்று பணியாளர்களைக் கட்டுப்படுத்தியதும் புஸேனின் நடைமுறைகளே.  பின்னாளில், 1878-இல், மருத்துவர் பூர்ன்வீல் பாரிஸ் நகருக்கான செவிலியர் பள்ளிகளைத் தொடங்கியதும் புஸேன் பணியாற்றிய இதே பிசேத்ரிலும் சல்பெத்ரியேரிலும்தான். புஸேனின் நடைமுறை அதுவரை வாய்வழியாக நீடித்ததா, அறுந்துபோனதா என்பதை இந்தச் சான்றுகள் கொண்டு முடிவுகட்ட இயலாது. 

செவிலியக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். '1793, பினெல் சங்கிலிகளை நீக்கினார்' என்ற வரி பாடக் குறிப்பில் இருந்தால் அடித்துவிட்டு, '1797 (அல்லது 1798), கண்காணிப்பாளர் புஸேன்' என்று எழுதுங்கள்.