புத்தகம் இல்லாமல் பாடுகிறவர்கள்

வெள்ளிக்கிழமைச் சந்தையன்று, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில் விடியும் முன்பே ஆடுகள் வந்திறங்கிவிடும். அந்த இரைச்சலுக்கு ஓரமாகச் சாக்கை விரித்துக் கொத்தமல்லிக் கட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். குனிந்து கேட்டால் கிறிஸ்தவக் கீர்த்தனை. சில்லறையை எண்ணியது தெலுங்கில், வாங்க வந்தவரிடம் பேசியது கன்னடத்தில், பாட்டு மட்டும் தமிழில். "படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "கைநாட்டுதாங்க" என்றார். நான்கு சரணமும் தட்டாமல் வந்தன.

பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று எழுதும்படி இந்த மலர்க் குழுவினர் என்னைக் கேட்டார்கள். சபைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்தால் பெரியவர்கள் ஒரு பக்கமும் வாலிபர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாட்டின் வயது ஒரு கணக்கே இல்லை. புத்தகமும் திரையும் இல்லாதவர் வாயில் ஒரு பாட்டு நிற்கிறதா? நின்றால் அது சபையின் பாட்டு. நிற்காவிட்டால், எத்தனை அழகாக இருந்தாலும், யாரோ பாட நாம் கேட்டது.

இந்தப் பக்கத்துக்குப் பாட்டுப் புத்தகம் வந்த வழி சுவையானது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை தன் முதல் இந்தியப் பணியைத் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். ஆண்டு 1895. தொடங்கியவர் தியோடர் நேதர். அவரும், ஆம்பூர்ப் பக்கம் பணிசெய்த பிரான்ஸ் மோனும் அதற்கு முன் லைப்சிக் மிஷனில் இருந்து, கொள்கை வேறுபாட்டால் விலகியவர்கள். நேதர் 1904இல் பிளேக் நோயில் இறந்துபோனார். லைப்சிக் மிஷனோ தரங்கம்பாடி மிஷனின் வாரிசு. 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கே கரையிறங்கிய சீகன்பால்கு தொடங்கி, 1740இல் வந்த பெப்ரீசியுஸ் வரை, ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிச் சேர்த்த ஞானப்பாட்டுகளே அந்த வீட்டுச் சொத்து. கொள்கையில் பிரிந்து வந்தவர்கள் பாட்டிலும் பிரிந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பாட்டுகளைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் சபை மெட்டு, அசைக்கு ஒரு சுரமாகச் சீராக அடியெடுத்து வைத்து நடக்கும். அந்த மொழிக்கு அழுத்தம்தான் உயிர். தமிழுக்கு மாத்திரை உயிர்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நீண்ட சுரம் வரும் இடத்தில் குறில் வந்து உட்கார்ந்தால் பாடுகிறவர் அதை இழுத்தே ஆகவேண்டும். இழுத்தால் 'விடு' என்பது 'வீடு' ஆகும். 'பலன்' கேட்டவருக்குப் 'பாலன்' கிடைப்பார். 'வரம்' வேண்டி நின்றவர் 'வாரம்' கேட்கும் குத்தகைக்காரர் ஆகிவிடுவார். பாமாலைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் 8, 7, 8, 7 என்று எண் போட்டிருப்பார்கள். அது அசைகளின் எண்ணிக்கை. நம் யாப்போ எண்ணிக்கையோடு நிற்பதில்லை, நேரா நிரையா என்று எடையும் பார்க்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. மெட்டு முதலில் வந்துவிட்ட வீட்டில் சொல் வாடகைக்குத்தான் இருக்க முடியும்.

ஆனாலும் அவை நின்றன. பள்ளிக்கூடத்தில், விடுதியில், கல்லறைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் பாடி, இழுத்த குறிலுக்கும் காது பழகிவிட்டது. இன்று 'மரபு' என்று நாம் கையெடுத்துக் கும்பிடுவதில் பெரும்பகுதி அப்படிப் பழகிப்போனதுதான். 'பழைய பாட்டு' என்று நாம் உருகுகிறவற்றில் எத்தனையோ 1870களில் அமெரிக்கச் சுவிசேஷகர் மூடியின் கூட்டங்களில் அவருடைய பாடகர் சாங்கி, ஆர்மோனியம் போன்ற சிறு ஆர்கனை வைத்துக்கொண்டு பாடிய பாட்டுகள். அன்றைக்கு அவை அப்பட்டமான 'மாடர்ன்'. கூத்துப்பாட்டு என்று முகம் சுளித்தவர்கள் அங்கேயும் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டையை முதலில் உரக்கப் போட்டவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு படித்து, 1864இல் மறைந்தவர். அவர் காலத்தில் வழக்குத் தலைகீழாக இருந்தது. புதிதாக வந்த மிஷனரிகளே மாற்றக்காரர்கள். தமிழ் இசையைச் சபை விழாக்களிலிருந்து ஒதுக்கினார்கள், பெப்ரீசியுஸின் வேத மொழிபெயர்ப்பைத் திருத்தப் புறப்பட்டார்கள். சாஸ்திரியார் 1820களில் இதை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். அதே எதிர்ப்பில், சாதிப்படி தனித்து உட்காரும் வழக்கத்தை எடுக்கக் கூடாது என்பதும் சேர்ந்திருந்தது. விழா மலர்களில் முதல் பாதியை மட்டும் எடுத்துப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பாட்டுச் சண்டை ஒருநாளும் பாட்டைப் பற்றியது மட்டுமல்ல. யார் பக்கத்தில் யார் நின்று பாடுவது என்பதும் அதற்குள் இருக்கிறது.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், சாஸ்திரியாரின் பாடல்களையும் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டபோது காற்று திரும்பியது. நேற்று வெளியே நின்ற இசை இன்று புத்தகமாகிப் பீடத்தருகே வந்தது. கீர்த்தனை நிலைத்ததற்கு இராகம்தான் காரணம் என்பார்கள். எனக்கு அதைவிடப் பல்லவிதான் காரணமாகத் தெரிகிறது. எழுத்தறியாத சபையில் உபதேசியார் சரணத்தைப் பாடுவார். சபை பல்லவிக்குத் திரும்பும். ஒரு சரணம் மறந்தாலும் வீட்டுக்கு வரும் வழி மறக்காது. சந்தையில் நான் கேட்டதும் அப்படித்தான், பேரம் பேசப் பாட்டு அறுந்த இடத்திலிருந்து அவர் நேரே பல்லவிக்கு வந்து, அங்கிருந்து மறுபடி கிளம்பினார். ஈரோட்டில் லண்டன் மிஷனில் இருந்த போப்லி இந்தச் சூட்சுமத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர். காலட்சேப முறையில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னார். இந்திய இசை பற்றி 1921இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார்.

பிறகு ஒருவர் வந்து, கீர்த்தனையும் யாருடைய இசை என்று கேட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்டவர். கர்நாடக இசை மேல்சாதியின் இசை, கிராமத்துச் சபைக்காரனின் இசை தெம்மாங்கும் ஒப்பாரியும் பறையும் என்றார். கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டு முறையை ஆக்கித் தந்தார். பறை சபைக்குள் வந்ததும் முதலில் கூசியவர்களில், யாருடைய முன்னோர் அதை அடித்தார்களோ அவர்களும் உண்டு. எதை அடித்ததால் இழிவுபட்டோமோ அதையே ஆலயத்திலும் அடிப்பதா என்ற அந்தக் கூச்சத்தை, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எளிதாகப் பேசிவிடக் கூடாது. அப்பாவு பேசியது வேறு: பாட்டை மக்களே மாற்றிக்கொள்ளலாம், சொல்லைச் சேர்க்கலாம், எடுக்கலாம். அந்த உரிமையைக் கீர்த்தனைப் புத்தகமும் தந்ததில்லை, இன்றைய யூடியூப் பாட்டும் தருவதில்லை.

இன்றைய பாட்டுக்கு வருகிறேன். கைத்தட்டும் தாளமும் பெந்தெகொஸ்தே சபைகள் வழியே வந்தன. சாராள் நவரோஜியின் பாடல்களும், பெர்க்மான்ஸ் அவர்களின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுதிகளும் சபைப் பிரிவெல்லாம் தாண்டி லுத்தரன் வீட்டிலும் சி.எஸ்.ஐ. வீட்டிலும் நுழைந்துவிட்டன. கத்தோலிக்கருக்கு 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கும் நாட்டு இசைக்கும் கதவைத் திறந்தது. இந்தப் புதுப் பாட்டுகளைப் பாட யாரும் சங்கீதம் கற்க வேண்டியதில்லை. நாலு சொல், அதுவும் நாம் பேசுகிற சொல். கீர்த்தனைகளின் வடசொல் மூட்டையைச் சுமந்து களைத்த காதுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு மனத்தாங்கல் உள்ள இடம் அதற்கும் அடுத்தது. கடந்த இருபது ஆண்டுகளில் வரும் பாட்டுகள் பல, ஒரு நல்ல பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதற்காகப் பிறந்தவை. கீழே முணுமுணுப்பாகத் தொடங்கி, திடீரென்று மேல்ஸ்தாயிக்கு ஏறும். நடுவில் பதினாறு சுற்று கிதார். அத்தனை நேரமும் ஞாயிறு காலையில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் என்ன செய்வாள்? கையை உயர்த்தியபடி நிற்பாள். மேடையில் ஸ்பீக்கர் அதிரும். பெஞ்சு வரிசையில் உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்து ஆள் பாடுவது காதில் விழாத இடத்தில் நானும் பாடுவதை நிறுத்திவிடுகிறேன். மெட்டு புதிது என்பதல்ல என் குறை. ஒலி எங்கள் வாயை அடைத்துவிடுகிறது.

ஓசூரிலும் குருபரப்பள்ளி சிப்காட்டிலும் ஷிப்டு முடித்து ஞாயிறு ஆராதனைக்கு வரும் பிள்ளைகள் பலர் தென்மாவட்டத்துக்காரர்கள்; பாமாலை மனப்பாடம் அவர்களுக்கு ஊர் ஞாபகம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். தெலுங்கில் புருஷோத்தம சௌதரி (1803–1890) கொடுத்த கீர்த்தனைச் செல்வம் அவர்கள் வீட்டுப் பக்கமே இருக்கிறது; தமிழ், தெலுங்கு இரண்டையும் ஒரே ஆராதனையில் கேட்கும் வாய்ப்பு இந்த எல்லைச் சபைகளுக்குத்தான் உண்டு. அதற்குப் பதில் நடப்பது இது: திரையில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் ஓடுகிறது. முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு சிரிப்பு. 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூலும் ரோமன் எழுத்தில் வந்த கிறிஸ்தவ நூல்தான். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வந்தது. நானூற்றைம்பது ஆண்டு நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறோம்.

சில வாரம் கழித்து அந்த மூதாட்டியை அவர் போகும் சபையிலேயே பார்த்தேன். ஆராதனை முடிந்து, கீபோர்டு வாசிக்கும் பையன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செல்போனில் பதிவுசெய்துகொண்டிருந்தான். "அவ்வா, நீ பாடு, நான் பிடிச்சுக்கிறேன்" என்றான். புத்தகத்தில் ஓர் இராகத்தின் பெயர் அச்சாகியிருந்தது. அவர் பாடியது அதுவல்ல. யாரோ ஓர் உபதேசியாரின் தொண்டையிலிருந்து இறங்கி, இந்த மேட்டுக்காட்டு வழக்கில் தேய்ந்து, வேறொன்றாகியிருந்தது. "புக்குல இப்படி இல்லையே அவ்வா" என்றான். "எனக்கென்ன தெரியும் புக்கு? எங்கம்மா இப்படித்தான் பாடும்" என்றார்.

பையன் சுருதி தேடினான். டி கட்டையை அழுத்தினால் அவர் குரல் அதற்கு மேலே நின்றது. டி ஷார்ப்பை அழுத்தினால் கீழே நின்றது. டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு விட்டான். "பாடிக்கிட்டே இரு அவ்வா" என்று சொல்லிவிட்டு, டியூனிங் பக்கத்தைத் திறந்து, எண்ணை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கத் தொடங்கினான்.