கோப்புறையின் மூன்று வேலைகள்: சந்தைப்படுத்தல் தானியக்கத்தில் அடுக்குமுறை வந்த வழி

ஒருவர் நிறுவனத்தின் இணையதளத்தில் படிவம் நிரப்புகிறார். உடனே நன்றி மடல் போகிறது. மூன்று நாள் கழித்து விளக்கக் கையேடு போகிறது. அதைத் திறந்தால் விற்பனைப் பிரிவுக்குத் தகவல் செல்கிறது, திறக்காவிட்டால் வேறொரு மடல் போகிறது. சந்தைப்படுத்தல் தானியக்கத்தில் பணிப்பாய்வு எனப்படுவது இதுதான். இத்தகைய கருவியைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய நிறுவனத்தில் பணிப்பாய்வுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றைக் கோப்புறை, உட்கோப்புறை என்று பிரித்து வையுங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. காரணம் கேட்டால், தேடி எடுக்க எளிது என்பார்கள். அந்த விடை போதாது. கோப்புறையின் வரலாற்றைக் காகிதக் காலத்திலிருந்து பார்த்தால், அது நிலைத்ததற்கு வேறு மூன்று வேலைகள் காரணமாகத் தெரிகின்றன: ஒரு விவகாரத்தைச் சேர்ந்தவற்றை ஒன்றாக நிறுத்துவது, அவை அனைத்துக்கும் ஒரே விதியைப் பொருத்துவது, அந்த விவகாரம் முடிந்ததா என்று தீர்ப்பது. இம்மூன்றும் நடந்தால் தேடல் தானே எளிதாகும். தேடலுக்காக மட்டும் அடுக்கினால் மூன்றும் நடக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க அலுவலகத்தில் வந்த கடிதங்கள் மடிக்கப்பட்டு மேசைக் குழிகளில் செருகப்பட்டன. அனுப்பிய கடிதங்களின் நகல்கள் தைத்த புத்தகங்களில் தேதி வரிசையில் ஒட்டிக்கிடந்தன. ஒரு வாடிக்கையாளரின் விவகாரம் முழுவதையும் அறிய இரண்டு இடத்தில் தேட வேண்டும். தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் வந்த பிறகு நகல்கள் உதிரித் தாள்களாயின. நூலகர் மெல்வில் டூயி 1876இல் தொடங்கிய லைப்ரரி பியூரோ நிறுவனம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் தாள்களைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் முறையைக் காட்சிக்கு வைத்தது. இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஜோஆன் யேட்ஸ். அவருடைய நூல் 1989இல் வெளிவந்தது. வந்ததும் போனதும் ஒரே உறையில் சேர்ந்தபோதுதான் ‘ஒரு விவகாரம்’ என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளாயிற்று. சென்னை மாகாண அலுவலகங்கள் இதற்கு மேலும் ஒரு படி போயின. டாட்டன்ஹாம் முறை என்று இன்றும் வழங்கும் கோப்பு நடைமுறையில், நடப்பிலுள்ள கோப்புக்கு ந.க. எண்; முடிந்ததும் அதற்கு ஒரு முடிவுக் குறி. ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம், மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நிரந்தரமாகக் காக்க வேண்டியவை தனி. தாலுகா அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தச் சுருக்கெழுத்துகள் புதியவையல்ல. இவை பொருளைக் குறிப்பதில்லை, ஆயுளைக் குறிக்கின்றன. அலுவலக நிர்வாக வரலாற்றில் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கணினியில் அடுக்குமுறை நுழைந்த கதையும் தேடலோடு முடிந்துவிடவில்லை. எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய மூன்றும் சேர்ந்து திட்டமிட்ட மல்ட்டிக்ஸ் இயங்குதளத்துக்கான கோப்பு அமைப்பை ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் 1965இல் கட்டுரையாக வெளியிட்டனர். கோப்பகத்துக்குள் கோப்பகம், அதற்குள் இன்னொன்று என்று கிளைக்கும் மரம் அதில் தெளிவாக வரையப்பட்டது. பல பயனர்கள் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. எனவே எந்தக் கோப்பை யார் தொடலாம் என்பது அந்த வடிவமைப்பிலேயே கலந்திருந்தது. கட்டி முடிக்கப்பட்ட மல்ட்டிக்ஸில், ஒரு கோப்பகத்துக்குள் புதிதாகப் பிறக்கும் கோப்புக்குத் தொடக்க அனுமதிப் பட்டியலை அந்தக் கோப்பகமே கொடுத்தது. பெல் ஆய்வகம் 1969இல் விலகிய பின் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலும், மேல் கோப்பகத்தைக் கடக்க அனுமதி இல்லாதவர் அந்தப் பாதை வழியே கீழுள்ள கோப்பை அடைய முடியாது. மேலே விதித்தது கீழே பாய்கிறது.

தனிநபர் கணினியில் இதற்கு நேர்மாறான ஒரு சோதனையும் நடந்தது. 1984இல் வந்த முதல் மக்கின்டாஷில் திரையில் கோப்புறைகள் தெரிந்தன. ஆனால் அடியிலிருந்த கோப்பு அமைப்பு தட்டையானது. ஒரு செயலிக்குள்ளிருந்து கோப்பைத் திறக்கப் போனால், வட்டிலுள்ள எல்லாம் ஒரே பட்டியலாக வந்து நின்றன. 400 கிலோபைட் நெகிழ்வட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. வன்வட்டு வந்ததும் போதவில்லை. ஆப்பிள் 1985இல் உண்மையான அடுக்குக் கோப்பு அமைப்புக்கு மாறியது. ஐ.பி.எம். பக்கத்திலும் இதே காரணம்தான்: 1983இல் 10 மெகாபைட் வன்வட்டோடு எக்ஸ்.டி. கணினி வந்தபோது, கூடவே வந்த டாஸ் இரண்டாம் பதிப்பில்தான் உட்கோப்பகங்கள் அறிமுகமாயின. முதல் மக்கின்டாஷின் கோப்புறை, கண்ணுக்கு மட்டும் கோப்புறை. இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். சந்தைப்படுத்தல் கருவிகளில் அது மறுபடியும் தலைகாட்டுகிறது.

இக்கருவிகளை விற்கும் எலோக்வா நிறுவனம் டொராண்டோவில் 1999இல் தொடங்கியது. 2006இல் மார்க்கெட்டோவும் ஹப்ஸ்பாட்டும் வந்தன. பின்னர் எலோக்வாவை ஆரக்கிளும், 2018இல் மார்க்கெட்டோவை அடோபியும் வாங்கின. இந்தக் கருவிகளுக்குள் கோப்புறை வந்தபோது, அதற்குள் வைக்கப்படும் பொருளின் தன்மையே மாறியிருந்தது. தவறான உறையில் கிடக்கும் பழைய கடிதம் யாரையும் தொந்தரவு செய்யாது. மறந்துபோன பணிப்பாய்வோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முடிந்துபோன தள்ளுபடியை அறிவிக்கும், வேலையை விட்டுப் போனவரின் கையொப்பத்தோடு மடல் அனுப்பும். ஆகவே கோப்புறை இங்கே இயங்கும் பொருள்களுக்கான நிர்வாக எல்லை. மார்க்கெட்டோவின் அமைப்பு இதற்கு நல்ல சான்று. அங்கே ஒரு கோப்புறையில் டோக்கன் என்ற மாறியை வரையறுத்தால், அதற்குக் கீழுள்ள பிரசாரத் திட்டங்கள் எல்லாம் அந்த மதிப்பைப் பெறுகின்றன; தேவையான இடத்தில் மட்டும் கீழ்மட்டத்தில் மாற்றி எழுதலாம். நிறுவனத்தின் முகவரியையோ ஒரு கருத்தரங்கின் தேதியையோ மேலே ஒருமுறை திருத்தினால் கீழுள்ள மடல்களில் எல்லாம் திருந்திவிடும். கோப்புறையையே காப்பகமாக மாற்றும் வசதியும் உண்டு. ஓரிடத்தில் சேர்ப்பது, விதியை இறக்குவது, முடித்து வைப்பது ஆகிய மூன்று வேலைகளும் இங்கே கூடுகின்றன. வேறு சில கருவிகளில் கோப்புறை பட்டியலைச் சுருக்கிக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அது 1984இன் மக்கின்டாஷ் நிலைதான்.

கோப்புறைக்கு ஆதரவான இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு பழையது, வலுவானதும்கூட. வகைக்குள் வகையாக இறங்கித் தேடுவது மனித மனத்தின் இயல்புக்கு மாறானது என்று அமெரிக்கப் பொறியாளர் வானவர் புஷ் 1945இலேயே எழுதினார். மனம் தொடர்புகளால் தாவுகிறது என்பது அவர் வாதம். 2004இல் ஜிமெயில் கோப்புறைக்குப் பதில் முகப்புச்சீட்டையும் தேடலையும் முன்வைத்து வந்தது. ஒரு மடலுக்கு எத்தனை சீட்டும் ஒட்டலாம். பணிப்பாய்வுக்கும் அதுவே போதும் என்று கேட்கலாம். கண்டுபிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பணிப்பாய்வுக்கு ‘ஜெர்மனி’, ‘புதிய வாடிக்கையாளர்’ என்று இரண்டு சீட்டுகள் இருந்து, இரண்டும் வேறுவேறு அனுப்புநர் பெயரைத் தந்தால் எது செல்லும்? விதி இறங்க வேண்டுமென்றால் ஒரே ஒரு தாய் வேண்டும், அல்லது எந்தச் சீட்டு முந்தும் என்று தனியே ஒரு வரிசை வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் அது பின்வாசல் வழியே வந்த அடுக்குமுறைதான்.

ஒரே தாய் என்றால் யார் அந்தத் தாய் என்பது அடுத்த கேள்வி. ஒரு பணிப்பாய்வு நாடு, தயாரிப்பு, ஆண்டு, வாடிக்கையாளரின் நிலை என்று பல கோணங்களுக்கு உரியது. நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் யோசிக்காமலே ஒரு விடையை எடுத்துக்கொள்கின்றன: பிரிவுக்கு ஒரு கோப்புறை. ஓர் அமைப்பு வடிவமைப்பவை அந்த அமைப்பின் தகவல் தொடர்பு வடிவத்தையே நகலெடுக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் சொன்னது இங்கே அப்படியே பலிக்கிறது. பிரிவுகள் கலைந்து சேரும்போது மரம் பொருளிழக்கிறது. மேல்மட்டத்தில் நிற்க வேண்டியது விதி வேறுபடும் எல்லை என்பேன். அமெரிக்காவின் 2003 சட்டம், விலகிக்கொள்ள வழி வைத்து, அஞ்சல் முகவரியும் கொடுத்தால், முன்னனுமதி இன்றியே வணிக மடல் அனுப்ப இடமளிக்கிறது; ஐரோப்பிய விதிகள் பெரும்பாலும் முன்னனுமதி கேட்கின்றன, 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதி அந்த அனுமதிக்கான அளவுகோலை உயர்த்தியது. ஆகவே பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்துக்குச் சட்ட எல்லையே முதல் தட்டு. இரண்டாம் தட்டில், வரவேற்பு மடல்போல என்றும் ஓடுபவையும் கருத்தரங்கு, பண்டிகைச் சலுகைபோல முடியும் நாள் உள்ளவையும் பிரியட்டும். மூன்றாவது ஆண்டும் காலாண்டும். தயாரிப்பு, பொறுப்பாளர் முதலிய மற்ற கோணங்களைப் பெயரிடும் ஒழுங்கிலும் சீட்டிலும் விட்டுவிடலாம். ஒரு தயாரிப்பு மட்டும், ஒரு நாடு மட்டும் என்றிருக்கும் சிறு நிறுவனத்துக்கு முதல் தட்டே வேண்டியதில்லை.

கோப்புறையால் ஆகாத ஒன்றும் உண்டு. வெவ்வேறு கோப்புறைகளிலுள்ள இரண்டு பணிப்பாய்வுகள் ஒரே நாளில் ஒரே மனிதருக்கு மடல் அனுப்பினால் எந்த மரமும் அதைக் காட்டிக்கொடுக்காது. மரம் பணிகளைப் பிரிக்கிறது. பெறுபவரோ எல்லாக் கிளைகளிலும் இருக்கிறார். ஒருவருக்கு நாளுக்கு இத்தனை, வாரத்துக்கு இத்தனை என்ற வரம்பை மார்க்கெட்டோ கோப்புறைக்கு வெளியே, கருவி முழுமைக்கும் பொதுவாக வைத்திருப்பது இதனால்தான். இது என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதாக நான் கருதவில்லை. விவகாரத்துக்குரிய விதி கோப்புறையில், மனிதருக்குரிய விதி அதற்கு மேலே என்ற எல்லைக்கோட்டைத்தான் இது வரைகிறது.

மூன்று வேலைகளில் முதலிரண்டும் மென்பொருளில் ஓரளவு நிறைவேறியுள்ளன. மூன்றாவது பின்தங்கிக் கிடக்கிறது. காப்பகக் கோப்புறை கண்ணிலிருந்து மறைக்க உதவும். முடிந்ததா, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. அந்தக் கேள்விக்கு ஓ.மு., மூ.மு. என்று குறி போட்டு விடை எழுதிய அலுவலக மரபு நம்மிடம் இருக்கிறது. சந்தைப்படுத்தல் தானியக்கக் கருவிகளை உலகுக்கு விற்கும் ஜோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் இரண்டும் சென்னையில் வளர்ந்தவை. இத்தகைய கருவிகளை வடிவமைப்போர், கோப்புறைக்குப் பெயர் கேட்கும் அதே பெட்டியில் முடிவுத் தேதியையும், மூடும்போது அதன் ஆயுளையும் கேட்கட்டும்.