பழைய ஜப்பானிய வாள் (நிஹொன்தோ)

ஜப்பானியக் கொல்லர்கள் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு அடித்துவரும், ஒரு பக்கம் மட்டும் கூருள்ள வளைந்த உருக்கு வாள். 1596ஆம் ஆண்டை ஒட்டிய காலத்துக்கு முந்தியவை ‘கொதோ’ என்றும் பிந்தியவை ‘ஷிந்தோ’ என்றும் வகுக்கப்படும். ஒரு வாளைக் கையிலெடுத்து அதன் காலம், ஊர், கொல்லர் பெயர் ஆகியவற்றைக் கண்டுசொல்லும் கலைக்குக் ‘காந்தெய்’ என்று பெயர். வாள் அடிக்கும் கலைக்குச் சற்றும் குறையாத தேர்ச்சி அதற்கு வேண்டும். எளிதில் துருப்பிடிக்கும் உருக்கு எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் பளபளப்புக் குன்றாமல் இருக்கிறது என்றால், அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் தலைமுறை தோறும் இருந்ததே காரணம்.

தொடக்கத்தில் ஜப்பானில் நேரான வாள்களே புழங்கின. குதிரைமேல் இருந்து வெட்டும் வீரர்கள் பெருகிய ஹெயான் காலத்தில் (1185க்கு முன்), பிடிக்கு அருகே ஆழமாக வளையும் ‘தாச்சி’ உருவானது. கியோத்தோவின் சான்ஜோ முனெச்சிகா, ஹோக்கி நாட்டு யசுத்சுனா ஆகியோர் பெயர் தெரிந்த முதல் மேதைகள். முனெச்சிகாவின் ‘மிகாசுகி’ இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் கூர்விளிம்பை ஒட்டிப் பிறைபிறையாகத் தெரியும் கோடுகளால் அந்தப் பெயர் வந்தது.

காமாகுரா காலம் (1185–1333) இக்கலையின் உச்சம். பதவி துறந்த பேரரசர் கோ-தோபா கொல்லர்களை மாதமுறை வைத்து அரண்மனைக்கு அழைத்தார், தாமே வாளுக்குத் தோய்ச்சலும் கொடுத்தார் என்று மரபு சொல்கிறது. யமஷிரோ, யமாத்தோ, பிசென், சோஷு, மினோ என ஐந்து மரபுகள் பின்னாளில் வகுக்கப்பட்டன. இவற்றில் இரும்பு மணலும் ஆற்றுப் போக்குவரத்தும் வாய்த்த பிசென் நாட்டின் ஒசாஃபுனே ஊர்தான் மிகுதியான வாள்களைத் தந்தது. 1274, 1281 மங்கோலியப் படையெடுப்புகளுக்குப் பின் காமாகுரா நகரின் சோஷு மரபு எழுந்தது. அதன் தலைமகன் மசமுனே. அவர் பெயர் பொறித்த வாள்கள் மிக அரியவை.

மூலப்பொருள் ‘தமஹகனே’ என்னும் உருக்கு. ‘தத்தாரா’ என்ற களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு எரித்து, கடைசியில் உலையையே உடைத்து இதை எடுப்பார்கள். கொல்லர் அந்தக் கட்டியைத் தட்டையாக அடித்து, உடைத்து, துண்டுகளைத் தேர்ந்து, மறுபடி ஒட்டவைத்து மடித்து மடித்து அடிக்கிறார். கசடு வெளியேறுவதற்கும் கரிச்சத்து சீராகப் பரவுவதற்கும்தான் இந்த மடிப்பு. பதினைந்து முறை மடித்தால் கணக்குப்படி 32,768 அடுக்குகள். மரத்தின் வைரம் போல இழையோடும் இந்த அடுக்குகளே வாளின் உடலில் தெரியும் ‘ஜிஹதா’. பிறகு உள்ளே மென்மையான இரும்பும் வெளியே கடினமான உருக்குமாகச் சேர்த்து வாளை நீட்டுகிறார்.

கடைசியாகத் தோய்ச்சல். களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் கலந்த குழம்பைக் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் முதுகுப்பக்கம் தடிமனாகவும் பூசுகிறார். நெருப்பின் நிறம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு வாளைச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துகிறார். கூர்ப்பக்கம் சட்டெனக் குளிர்ந்து இறுகி, பருமனும் கூடுகிறது. அந்த விசையில் வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. விளிம்பு வெடித்துவிட்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். வெடிக்காமல் தப்பினால் கடின உருக்குக்கும் மென் உருக்குக்கும் நடுவே ‘ஹமோன்’ என்ற வெண்கோடு எழுகிறது.

கொல்லர் உருவாக்கிய இந்த அழகைக் கண்ணுக்குக் கொண்டுவருபவர் மெருகுக்காரர். கரடுமுரடான கல்லில் தொடங்கி மேலும் மேலும் மென்மையான கற்களுக்குப் போய், இறுதியில் நகத்தளவு கல் செதிலைக் கட்டைவிரலால் அழுத்தி வாரக்கணக்கில் தேய்க்கிறார். ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் உருக்கைத் தின்றுவிடும் என்பதால் தேவையின்றி அதைச் செய்யமாட்டார்கள்.

காந்தெய்யில் வாளைப் பார்ப்பவர் முதலில் அதை வணங்குகிறார். வலக்கையில் பிடியும், இடக்கையில் மடித்த துணிமேல் வாள்முதுகுமாக ஏந்துகிறார். வெறும் விரல் உருக்கில் படக்கூடாது. வாளுக்கு மேல் பேசவும் கூடாது. முதலில் வடிவம், அடுத்து உடல் இழை, அதன்பின் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து ஹமோன். ஹமோனில் பனிமூட்டம் போன்ற நுண்புள்ளிகள் ‘நியோய்’, தனித்தனியாக மின்னும் பருமணிகள் ‘நியே’. ஹமோன் கிராம்பு மொட்டுகளாகக் கொத்துக் கொத்தாக எழுந்தால் எண்ணம் பிசெனின் இச்சிமோஞ்சிக் கொல்லர்களிடம் போகும். பயிற்சிக் கூட்டங்களில் அடிப்பகுதியை மறைத்து வாளைக் கொடுப்பார்கள். விடையைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். கொல்லரின் பெயர் சரியானால் ‘அதாரி’. அவருடைய நெருங்கிய சீடர் போன்றவரைச் சொன்னாலும் ஏறத்தாழச் சரி என்றே கொள்வார்கள்.

மறைக்கப்படும் அந்த அடிப்பகுதி ‘நககோ’, பிடிக்குள் செருகியிருக்கும் பகுதி. அரத்தின் தடம், ஆணித்துளை, கொல்லர் பொறித்த பெயர், கருத்த துரு எல்லாம் அங்கேதான். அந்தத் துருவின் நிறமே வயதைச் சொல்கிறது. சுத்தம் செய்வதாக எண்ணி அதைச் சுரண்டினால் சான்றும் மதிப்பும் சேர்ந்தே போய்விடும். நீண்ட தாச்சிகள் பிற்காலத்தில் அடியில் வெட்டிக் குறுக்கப்பட்டதால் பல மேதைகளின் பெயர்கள் அழிந்தன. அவற்றை இனம்கண்டு சான்றிதழ் எழுதியவர்கள் ஹொன்அமி குடும்பத்தினர். அவர்களுடைய தீர்ப்பு சில நககோக்களில் தங்கத்தால் பதிக்கப்பட்டிருக்கிறது. ஷோகன் தொகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் அவர்கள் தொகுத்த பேர்பெற்ற வாள்களின் பட்டியலில், தீயில் கெட்டவையும் இடம்பெற்றன.

1876இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டதும் கொல்லர்கள் பலர் தொழிலை இழந்தார்கள். அதைவிடப் பெரிய அழிவு, உலகப் போரில் ஜப்பான் தோற்ற 1945இல் வந்தது. ஆயுதங்களைப் பறித்த நேசநாட்டுப் படை வாள்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. தொகுகாவா குடும்பம் ஒப்படைத்த ‘ஹொன்ஜோ மசமுனே’ அதன்பின் எங்கு போனதென்றே தெரியவில்லை. கலைமதிப்புள்ள வாள்களை விட்டுவைக்குமாறு ஹொம்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் அதிகாரிகளிடம் வாதாடி வென்றார்கள். 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. நின்றுபோயிருந்த தத்தாரா உலையை 1977இல் ஷிமானே மாவட்டத்தின் ஒகு-இசுமோவில் மறுபடி ஏற்றியதும் அச்சங்கமே.

இன்று ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சான்று கட்டாயம். உரிமம் பெற்ற ஆசானிடம் பல ஆண்டுகள் பயின்றவரே கொல்லராக முடியும். 2020இல் ஒசாஃபுனே அடங்கிய செத்தோஉச்சி நகராட்சி, இச்சிமோஞ்சி மரபின் ‘யமதோரிகே’ என்ற தேசியப் புதையல் வாளை, பொதுமக்களிடமும் நிதி திரட்டி 50 கோடி யென்னுக்கு வாங்கியது. அந்த வாள் இப்போது அவ்வூர் வாள் அருங்காட்சியகத்துக்கு உரியது.