ஸ்ரீவில்லிபுத்தூர் முதல் ஆரியங்காவு வரை: மலையோரம் ஒரு சாலை, அதன் வரலாறு

1/ அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா பக்கம் செம்பாறைப் பள்ளத்தாக்குகள் வழியாக கார் ஓட்டிப் போகும் வீடியோக்கள் இப்போ எல்லார் போன்லயும் ஓடுது. "டாக்டர், நம்ம ஊர்ல இப்படி ஒரு ரோடு இருக்கா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு. தேசிய நெடுஞ்சாலை 744. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். செங்கோட்டை வரை மலை வலது கைப்பக்கமாகவே கூட வரும்.

2/ இரண்டு நிலத்துக்கும் ஓர் உறவு உண்டு. யூட்டா வறண்டு கிடப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், பசிபிக் கடலில் இருந்து வரும் ஈரத்தை மேற்கே உள்ள மலைத்தொடர்கள் மறித்துக்கொள்வது. இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை அதே வேலையைச் செய்கிறது. தென்மேற்குப் பருவமழையை மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் வாங்கிக்கொள்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். புனலூரில் அதைப்போல மூன்று மடங்கு பெய்யும். இதற்கு மழைமறைவு நிலம் என்று பெயர். இந்தச் சாலையின் வரலாறு முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது.

3/ மழை குறைவு என்றால் மனுஷன் என்ன செய்வான்? ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தேக்குவான். சாலையோரம் வரிசையாக வரும் கண்மாய்கள் அப்படி வந்தவைதான். மலையடிவாரத்தில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம், புளியங்குடி எலுமிச்சை. கிழக்கே கரிசலில் பருத்தி. இந்தப் பருத்தியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் அதுக்குத்தான் வரப்போறேன்.

4/ முதல் நிறுத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர். 11 நிலை ராஜகோபுரம், 192 அடி உயரம், தூரத்திலேயே தெரியும். ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்புக் காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவின் 51ஆவது காப்பகம், தமிழ்நாட்டின் 5ஆவது.

5/ அடுத்த பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். விஜயநகரக் காலத்துக்குப் பிறகு தெற்கே வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர். பூ.ச.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வர். 1952 பொதுத்தேர்தலில், முதல்வர் பதவியில் இருக்கும்போதே, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றுப்போனார்! பிறகு ஒரிசா ஆளுநரானார். தான் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

6/ வாசுதேவநல்லூர் வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைங்க. இது புலித்தேவன் சீமை. நெற்கட்டும்செவல் இங்கிருந்து பக்கம். ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் கப்பம் கட்ட மறுத்து 1750களில் மற்ற பாளையக்காரர்களைத் திரட்டினார். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகள் 1761இல் யூசுப்கானிடம் விழுந்தன.

7/ விழுந்ததற்கு பீரங்கி மட்டும் காரணம் இல்லை. வரைபடத்தைப் பாருங்க. கோட்டைகளுக்கு முதுகுப்பக்கம் மலை, மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். தொடக்கத்தில் திருவிதாங்கூர் புலித்தேவன் பக்கம் நின்றது. பிறகு யூசுப்கான் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மலைக்கு அப்பால் நண்பன் இருந்த வரை அந்த மலை பாளையக்காரருக்கு அரண். அவன் கட்சி மாறியதும் முதுகுக்குப் பாதுகாப்பு போய்விட்டது. ஜெயித்த யூசுப்கானுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. மூன்றே வருஷத்தில் அதே நவாபும் கம்பெனியும் அவரை மதுரையில் தூக்கில் போட்டார்கள். 1764 அக்டோபர்.

8/ தென்காசியை நெருங்கும்போது காற்றே மாறும். ஆனி, ஆடி மாசம் போனால் முகத்தில் சாரல் அடிக்கும். காரணம் செங்கோட்டைக் கணவாய். பாலக்காட்டுக்குத் தெற்கே மலையில் உள்ள முக்கியமான இடைவெளி இது. ராஜபாளையத்துக்குக் கிடைக்காத ஈரக்காற்று இந்த வாசல் வழியாகக் குற்றாலத்துக்கு வந்துவிடுகிறது. வணிகரும் படையும் பயன்படுத்திய வாசலும் இதுதான்.

9/ 1904இல் செங்கோட்டை, புனலூர், கொல்லம் மீட்டர் கேஜ் ரயில் பாதை இதே கணவாயில் திறந்தது. கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே நிற்கும் பதிமூன்று கண் பாலம் அந்தக் காலத்துக் கல்வேலை. 2010இல் மீட்டர் கேஜ் நின்றது. அகலப்பாதை முடிந்து 2018இல்தான் மறுபடி ரயில் ஓடியது. செங்கோட்டை ஊரே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் கிடந்தும் அந்தப் பக்கத்து ஊர்!

10/ பழைய சண்டை நிலத்துக்கும் வரிக்கும். இன்றைய வழக்கு தண்ணீருக்கு. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. கேரளம் எதிர்க்கிறது. அவர்களுக்கு அவர்கள் ஆற்றைப் பற்றிய கவலை, நமக்கு நம் கண்மாயைப் பற்றிய கவலை. இரண்டையும் உருவாக்கியது ஒரே மலை.

11/ இப்போ பருத்தி. மழை குறைந்த கரிசலில் பருத்தி விளைந்தது. பருத்தி இருந்ததால் நூல் ஆலை வந்தது. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். சுற்றிலும் நெசவு இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததன் விளைவு, ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஊர்களின் பேண்டேஜ் துணி. நாம் காயத்துக்கு வைக்கிற காஸ் துணி. நாடு முழுக்க ஆபரேஷன் தியேட்டர்களுக்கு இந்த விசைத்தறிகளில் இருந்தும் போகுது.

12/ தறியில் இருந்து இறங்கும் துணி தண்ணீரை உறிஞ்சாது. பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கு. அதைக் கொதிக்க வைத்து நீக்கி, வெளுத்து, காய வைத்தால்தான் ரத்தத்தை உறிஞ்சும். காய வைக்க வெயில் வேணும். மழைமறைவு நிலத்தில் அதுக்கா பஞ்சம்!

13/ ஒரு மருத்துவனாக ஒண்ணு சொல்லணும். பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கு பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு திணறும். அடுத்தடுத்த நாள் தேவலைன்னு தோணும். அதனால் பலர் கண்டுக்கவே மாட்டாங்க. ஆரம்பத்திலேயே தூசியில் இருந்து விலகினால் சரியாக வாய்ப்பு அதிகம். முற்றிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. தறிச் சத்தத்தில் காது மந்தமாவது தனி.

14/ உங்க வீட்டிலோ தெருவிலோ மில், தறி வேலைக்குப் போறவங்க இருந்தால், "திங்கக்கிழமை மூச்சு இறுகுதா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. ஆமா என்றால் டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் சொல்லச் சொல்லுங்க. சொல்லாவிட்டால் வெறும் ஆஸ்துமா என்றே மருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

15/ இந்தச் சாலையில் போறவங்க சாரல் சீசனில் போங்க, காலையிலேயே கிளம்புங்க. காட்டோரம் வேகத்தைக் குறைங்க, குரங்குக்குத் தீனி போடாதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்குங்க, சர்க்கரை உள்ளவங்க ருசி பார்க்கிற அளவோட நிறுத்திக்கோங்க.

 பயனுள்ளதாக இருந்தால் மில் வேலைக்குப் போகும் ஒருவருக்காவது பகிருங்கள்.